கலங்கல் மருந்து

கம்பவுண்டர் திருவேங்கடம் சைக்கிள் மணியை அடிக்கமாட்டார். வாசலில் நின்று இருமுவார். யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாதாம். செங்கல்பட்டில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அந்த இருமல்தான் காலை ஊசி. ஈரத்துணி சுற்றிய டப்பாவில் இன்சுலின் இரண்டு புட்டி: ஒன்று தண்ணீர்போல் தெளிவு, மற்றது மோர்போல் கலங்கல். கலங்கலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுவார்.

பிரசங்கம் வேறு. "தெளிவு எக்ஸ்பிரஸ் வண்டி, மத்தியானத்துக்குள்ள வேலைய முடிச்சிட்டுப் பூடும். கலங்கல் கூட்ஸு, நாள் பூரா ஊர்ந்துகினே கீது." பாதி டாக்டரிடம் கேட்டது, பாதி சொந்தச் சரக்கு.

அந்தச் சொந்தச் சரக்குதான் போன ஏகாதசியன்று மானத்தை வாங்கியது. பெருந்தேவி அம்மாளுக்கு டாக்டர் எழுதியிருந்தது தெளிவு. அன்று முழுப் பட்டினி என்றாள் அம்மாள். பட்டினிக்கு மெதுவானதுதான் நல்லது என்று இவராகவே கலங்கலைப் போட்டுவிட்டார். பக்கத்து ஊர் படாளத்தில் இரண்டு பேருக்கு இப்படி மாற்றிப் போட்டு ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம். அவர்கள் மூன்று வேளையும் களி தின்றவர்கள் என்பது, அட கஷ்டகாலமே, உறைக்கவில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கலங்கல் ராத்திரிவரை ரத்தத்துச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் விளக்கேற்றப் போனவள் வியர்த்து விழுந்தாள்.

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்கவைத்தார். பிழைத்தவளையே திட்டினார், பட்டினி கிடந்ததற்காக. மருந்து மாறியதை அவள் சொல்லவில்லை. டப்பாவோடு பக்கத்தில் நின்ற மனிதரும் வாய் திறக்கவில்லை. பதினைந்து நாளாய் அந்த வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. பிரசங்கமும் நின்றுபோயிற்று.

இன்று மறுபடி ஏகாதசி. இருமினார். அம்மாள் வந்து கையை நீட்டினாள்.

"இன்னிக்கும் பட்டினியாம்மா?"

"ஆமாம். அன்னிக்கு நீ எதைப் போட்டேன்னு டாக்டர்கிட்ட நான் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். நீயே பார்த்துப் போடு."

அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. "டாக்டரைத்தான் கேக்கணும். கேட்டுகினு வரேன்."

கேட்டால் அன்றைய கதையும் வெளியே வரும், வேலையும் போகலாம். அம்மாளுக்கும் அது தெரியும். வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

ஊசியை டப்பாவில் வைத்து மூடினார். சைக்கிளை டாக்டர் வீட்டுப் பக்கம் திருப்பினார். அந்த வாசலில் அவர் இருமவில்லை. மணியை அடித்தார்.