ஆய்வு வாரத்துத் தூக்கம்

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெண் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானி. மதுரைக்காரி, இன்னும் முப்பது ஆகவில்லை. கொல்கத்தாவின் டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தெருவை அவள் தேர்ந்தெடுத்தது, வீட்டுக்காரர்கள் தமிழ் பேசுகிறார்கள் என்பதற்காக. விமான நிலையம் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. அதை யோசிக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "யோசிச்சேன் அங்கிள். ஆன்ட்டி ரசத்தோட வாசனை வந்துச்சு, விட்டுட்டேன்" என்றாள்.

இரண்டு வருடத்தில் அவளைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரிந்தது அவளுடைய தூக்கம்தான். கீழ் ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கினால் தூங்குகிறாள் என்று பொருள். மீன்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்த்தான் குரல் கொடுப்பார். முதல் வருடம் துர்கா பூஜைக்குத் தெருமுனைக் கிளப்பின் ஒலிபெருக்கி நேராக அந்த ஜன்னலைப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்தது. கிளப் செயலாளரிடம் போய்க் கேட்டேன்.

"யாருக்கு இடைஞ்சல்? உங்களுக்கா?" என்றார் அவர், வங்காளத்தில்.

"கீழ் வீட்டுப் பெண்ணுக்கு. ராத்திரி விமானம் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறாள்."

"என் பையன் பெங்களூர்லேர்ந்து ராத்திரி விமானத்துலதான் வர்றான்" என்று சொல்லிவிட்டு, ஏணி கொண்டுவரச் சொன்னார். ஒலிபெருக்கி ரயில் பாதைப் பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து தெருவுக்கு அவள் பைலட் தீதி, அதாவது பைலட் அக்கா.

நான் ஓர் ஆங்கில நாளிதழின் செய்தி மேசையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். விமானிகளின் பணி நேரம், ஓய்வு நேரம் பற்றிய தில்லிச் செய்திகள் பலவற்றைச் சுருக்கியிருக்கிறேன். அவற்றின் வடிவம் மாறுவதில்லை. புதிய விதி வரும். விமானிகள் போதவில்லை என்று நிறுவனங்கள் சொல்லும். விதி ரத்தாகாது, அமலாகும் தேதி தள்ளிப்போகும். விதி வந்த செய்தி முதல் பக்கத்திலும், தேதி தள்ளிப்போன செய்தி உள்பக்கத்தில் ஒரு பத்தியாகவும் வெளியாகும். அந்த ஒற்றைப் பத்தி ஒரு மனிதரின் முகத்தில் எப்படித் தெரியும் என்பதை இவள் குடிவந்த பிறகுதான் பார்த்தேன். காகிதத்தில் ஓய்வு என்று இருக்கும் நேரத்துக்குள்தான் அவள் நகரத்தைக் குறுக்காகக் கடந்து வர வேண்டும், குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும். மிஞ்சுவதில்தான் தூக்கம்.

ஒரு வாரம் மட்டும் அவள் வேறு ஆளாக இருந்தாள். சாயங்காலம் தலைகுளித்து, மாடிக்கு வந்து, என் மனைவியோடு உட்கார்ந்து பீர்க்கங்காய் சீவினாள்.

"லீவா?" என்றாள் மனைவி.

"இல்ல ஆன்ட்டி. ஜாமாய் ஷஷ்டி."

அந்த வங்காளப் பண்டிகைக்கு இன்னும் நாளிருந்தது. மாமியார் மாப்பிள்ளையை உட்காரவைத்து விசிறி, மீனும் மாம்பழமுமாக உபசரிக்கும் நாள் அது. தில்லியிலிருந்து பாதுகாப்பு ஆய்வுக்கு அதிகாரி வரும் வாரத்துக்கு விமானிகள் வைத்திருக்கும் பெயரும் அதுதானாம். அதிகாரி வரும் தேதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதைச் சுற்றிய சில நாட்களுக்குப் பணிப்பட்டியல் விதிப்புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும். அதிகாரி வந்து பார்க்கும்போது நன்றாகத் தூங்கி எழுந்த விமானிகள் இருப்பார்கள்.

இந்த முறை அதிகாரியிடம் பேச நிறுவனம் அனுப்புகிறவர்களில் இவளும் ஒருத்தி. அடுத்த மாதம் கேப்டன் பயிற்சிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள். அதற்காகத்தான் அவள் இந்த ஊரில் இருந்தாள்.

"ஓய்வு போதுமான்னு கேப்பாங்க. போதும்னா கேப்டன். போதாதுன்னா…" என்று நிறுத்தினாள்.

"என்ன செய்வாங்க?" என்றேன்.

"அவங்க ஒண்ணும் செய்ய மாட்டாங்க அங்கிள். என்னையும் ஒண்ணும் செய்ய விட மாட்டாங்க."

"தூக்கம் போதலைன்னு சொல்ல என்னடி பயம்?" என்றாள் மனைவி.

"வீட்டுல போதலைன்னு மட்டுமா ஆன்ட்டி? காக்பிட்ல உக்காந்திருக்கும்போது தூக்கம் வருதுன்னுல்ல சொல்லணும்."

பிறகு ஒன்றைச் சொன்னாள். சில வாரங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, கொல்கத்தாவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, எந்த உயரம்வரை இறங்கலாம் என்று கீழே கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொன்னார்கள். அவள் பதில் சொன்னாள். சொன்ன பிறகு அந்த எண்ணைக் கருவியில் வைத்தாளா, என்ன எண் அது, எதுவும் நினைவில் இல்லை. கேப்டனைப் பார்த்தாள். அவருக்கும் இல்லை. மறுபடி கேட்டுச் சரிசெய்துகொண்டார்கள்.

"ஒண்ணும் ஆகல" என்றாள். பீர்க்கங்காயைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க என்ன சொல்வீங்க அங்கிள்?" என்று கேட்டாள்.

தயங்குகிறவர்களிடம் என் தொழிலில் சொல்லும் பதில் ஒன்று உண்டு: நடந்ததைச் சொல்லுங்கள், பெயரைப் போட மாட்டோம். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பெயரோடு, சீருடையோடு போய் உட்காரப்போகிறவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை. உன் இஷ்டம் என்றேன். அது பதிலில்லை என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் மதியம் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டேன்."

நிருபரைக் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அறையில் யார் யார் இருந்தார்கள்?

"அதிகாரி, நான், எங்க மேனேஜர். அவருக்குக் காபி வாங்கித் தர மேனேஜர் இருந்தாராம்."

"இறங்கும்போது நடந்ததை அதிகாரி எழுதிக்கொண்டாரா?"

"எழுதினார். இதைக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தீங்களான்னார். இல்லைன்னேன். முதல்ல அங்கதான் குடுக்கணும்மான்னார். கம்பெனி பக்கத்துல உக்காந்து காபி குடிச்சுக்கிட்டிருந்துச்சு."

"அப்புறம்?"

"நேத்து நல்லாத் தூங்கினீங்களான்னு கேட்டார். தூங்கினேன் சார், இது ஆய்வு வாரமாச்சேன்னேன். மேனேஜர் சிரிச்சார். அதிகாரியும் சிரிச்சார்." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நானும் சிரிச்சேன்" என்றாள்.

அதிகாரி கெட்டவரில்லை என்றும் சொன்னாள். கிழக்கில் பல விமான நிலையங்களுக்கு அவர் ஒருவர்தான். கூட இருக்க வேண்டியவர்களின் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. முந்தைய நாள் குவாஹாட்டி, அன்று மாலை புவனேஸ்வர். புவனேஸ்வருக்கு அவர் போக வேண்டிய நேரத்தில் இவர்களுடைய விமானம்தான் இருந்தது. மேனேஜரே வாசல்வரை கூட்டிப்போய் ஏற்றிவிட்டார்.

வாரம் முடிந்ததும் கறுப்புத் துணி பழைய நேரங்களுக்குத் திரும்பியது. கேப்டன் பயிற்சிக்கு எடுத்தவர்களில் அவள் இல்லை. அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றார்களாம். அவள் ஆய்வில் பேசியதுதான் காரணம் என்று எழுத என்னிடம் ஆதாரமில்லை. யாராவது எழுதிக் கொண்டுவந்திருந்தால், பழைய மேசையில் அந்த வாக்கியத்தை நானே வெட்டியிருப்பேன். கிழக்குப் பகுதி ஆய்வுகள் முடிந்தன, பெரிய குறைகள் இல்லை என்று பத்திரிகையில் வந்தது. ஒற்றைப் பத்தி. ஜன்னலில் துணி தொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அதைப் படித்தேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவள் மாடிக்கு வந்தாள். கையில் போன். கண்கள் சிவந்திருந்தன. அன்று விடியற்காலைதான் இறங்கியிருந்தாள். மாலை விமானத்துக்கு ஆள் குறைகிறது, சட்டப்படி நேரம் சரியாக இருக்கிறது, வா என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"முடியாதுன்னுட்டேன் அங்கிள். களைப்பா இருக்கு, ஓட்டுற நிலையில இல்லைன்னு எழுதியே குடுத்துட்டேன். அந்த சார் சொன்ன மாதிரி, முதல்ல கம்பெனிக்கு."

"நல்ல வேலை செஞ்சே. போய்ப் படு" என்றாள் என் மனைவி.

அவள் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குப் பதிலா யார் போறான் தெரியுமா? என்னோட வேலையில சேர்ந்த பையன். அவனும் விடியக்காலையிலதான் இறங்கினான். அவனுக்கு வீட்டுல குழந்தை பிறந்திருக்கு. முடியாதுன்னு சொல்ல மாட்டான்."

போனில் வரைபடம் இருந்தது. அதில் ஒரு சின்ன மஞ்சள் விமானம் கொல்கத்தாவை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. மனைவி சோற்றில் ரசத்தை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணை எடுக்காமல் சாப்பிட்டாள். இரண்டு முறை தலை தொங்கியது. இரண்டு முறையும் நிமிர்ந்துகொண்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படு என்றேன். தலையாட்டினாள், எழுந்திருக்கவில்லை. கீழே கிளப் செயலாளர் போகிறபோது மாடியில் அவளைப் பார்த்துவிட்டு, "என்ன தீதி, தூங்கலையா? இன்னிக்கு மைக்கே போடலையே" என்றார். அவள் கையை மட்டும் அசைத்தாள்.

நன்றாக இருட்டிய பிறகு மஞ்சள் விமானம் ஓர் ஊரின் பெயர் மேல் போய் நின்றது.

"இறங்கிட்டான்" என்றாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே போனாள். சற்று நேரத்தில் ஜன்னலில் துணி ஏறியது.