த்ரீ கிங்ஸில் போட்ட கையெழுத்து

மகள் வாழும் வெளிநாட்டு நகரில், த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு கடை வாசலில் ஓர் ஈழத்துப் பெண் மனுத்தாளை நீட்டுகிறார். பணக்காரர்களின் வருமான வரியை உயர்த்தலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தக் கேட்கும் மனு. முகத்துக்கு நேரே மறுக்க எனக்கு வராது. பெயரையும், நான் தங்கியிருக்கும் மகள் வீட்டு முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

“எத்தனை வருசமா இங்க இருக்கிறீங்கள், அண்ணை?”

“விசிட்டர் விசாம்மா. வந்து பத்து நாள் ஆகுது.”

“ஐயோ, வோட்டு இருக்கிறவைதான் கையெழுத்து வைக்கலாம்! எங்கட பணக்காரருக்கு வரி கூட்ட இந்தியாவில இருந்தோ வந்தனீங்கள்?” என்று சிரிக்கிறார்.

மகள் இங்கேயே தங்கக் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. என்னால் அது கெட்டுவிட்டால்?

“தயவுசெஞ்சு என் பேரை அடிச்சிடுங்கம்மா.”

“ஓம், பயப்பிடாதேங்கோ.”

ஒரே ஒரு கோடு இழுக்கிறார். அதன் அடியில் முகவரி தெளிவாகத் தெரிகிறது. இன்னும் அழுத்தி அடிக்கச் சொல்ல வாய் வரவில்லை. தாள் அடுத்தவர் கைக்குப் போகிறது.