பெருந்துறைக்குப் போன வெண்கல மேஜை

மர மேஜைக்கு உலோகப் பூச்சு அடிக்க எங்கே போவது என்று அடிக்கடி கேட்கிறீர்கள். தொண்ணூறுகளில் ஒரு தை மாதம் நான் போய்வந்ததைச் சொல்கிறேன். காந்திபுரத்திலிருந்து பெருந்துறை சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். வேன் வாடகை அறுநூறு ரூபாய். பயத்துக்குத் தனி வாடகை இல்லை.

வரைபடம் போடும் டிராஃப்டிங் வேலையை விட்டுவிட்டு வீட்டு உள்அலங்காரத்தில் இறங்கிய எனக்கு அதுதான் முதல் ஆர்டர். ஒரு மில் முதலாளி வீட்டம்மாவுக்குச் சாப்பாட்டு மேஜை வெண்கலமாக மின்ன வேண்டும். நான் பெருந்துறை போன மறுநாளே அவர்களுக்குக் கிரகப்பிரவேசம். மேஜை கெட்டால் பழைய வேலையையே போய்க் கேட்க வேண்டும்.

பெருந்துறை தொழிற்பேட்டையில் ஜோசப் அண்ணன் ஒரு ஷெட் வைத்திருந்தார். தேய்ந்த பம்பு ஷாஃப்டுகளின் மேல் உலோகத்தை உருக்கிப் பீய்ச்சிச் சரிசெய்வது அவர் தொழில். மரத்திலும் அடிக்கலாம் என்றார். போனில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: "மேல்பலகையச் சொரசொரப்பாத் தேய்ச்சுப்போட்டா, அப்புறம் கை படக்கூடாதுங்க அம்மணி. பட்டா புடிக்காது."

தேய்த்த பலகையைத் துவைத்த போர்வையால் மூடி, மேஜையோடு நானும் வேனின் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் மேஜைக் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கருமத்தம்பட்டியில் டீ குடிக்க இறங்கினேன். டிரைவர் ஆறுமுகம் சாலையோரக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். அத்தனை நேரமும் மழை வந்துவிடுமோ என்று நான் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது மேகத்தை அல்ல.

ஷெட்டில் போர்வையை விலக்கினால், நான்கு மூலையிலும் குங்குமப் பொட்டு!

"நல்லபடியாப் போய்ச் சேரோணும்னு வெச்சேனுங்க அம்மணி" என்றார் ஆறுமுகம்.

"பொடிதானுங்க" என்று ஜோசப் அண்ணன் பிரஷ்ஷால் தட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார். தீப்பொறி பறந்தது, மேஜை எரிந்துவிடும் என்றே நினைத்தேன். எரியவில்லை. பலகை முழுக்க வெண்கலம் படிந்ததும் அழுகையே வந்துவிட்டது. ஆறியபோது, நான்கு மூலையிலும் பூச்சு அப்பளம் போல உப்பி எழுந்தது.

"எண்ணெய்க் கையிலயா பொட்டு வெச்சீங்க?" என்றார் ஜோசப் அண்ணன்.

"வெளக்குக்கு எண்ணெய் ஊத்துன கைதானுங்களே..." ஆறுமுகத்தின் முகம் சுருங்கிப்போனது.

ஆத்திரத்தில் கத்திவிட்டேன். அவர் வேண்டிக்கொண்டது எனக்காகத்தான் என்பது கத்தும்போதே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

மூலைகளைச் சுரண்டி, தின்னரால் கழுவி, மறுபடி தேய்த்தார்கள். உருக்கிப் பீய்ச்சும் வெண்கலக் கம்பி கொஞ்சம்தான் மிச்சம். "மூணு மூலைக்கு வருமுங்க. நாலாவதுக்குத் தெரியலீங்க" என்றார் ஜோசப் அண்ணன். கம்பிச் சுருள் குறையக் குறைய நான் ஆறுமுகத்தின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாலாவது மூலை மூடியபோது கையளவு கம்பி இருந்தது.

மறுநாள் காலை மேஜையை இறக்கியதும் வீட்டம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே போய்க் குங்குமச் சிமிழோடு வந்தார். நான்கு மூலையிலும் பொட்டு வைத்தார். ஆறுமுகம் என் காதருகே, "இப்ப ஒண்ணும் ஆகாதுங்களே?" என்றார். ஆகாது என்று தெரியும். ஆனாலும் பந்தி முடியும்வரை அந்த மூலைகளை விட்டு நான் நகரவில்லை.

நீங்கள் போவதானால் காலையிலேயே கிளம்புங்கள், கம்பி போதுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பூச்சு ஆறும்வரை டிரைவரைக் கோயில் பக்கம் விடாதீர்கள். திரும்பும்போது அவரோடு நீங்களும் இறங்கிப் போங்கள். அன்று திரும்பும்போது கருமத்தம்பட்டிக் கோயிலில் அவரோடு நானும் இறங்கினேன். இந்த முறை விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது என் கை.