மெதுவாக இழுத்தால் மட்டும் நடுங்கும் கை

பெரிய வெள்ளிக்கான ஒத்திகையில்தான் முதலில் நடுங்கியது. வயலின் வில்லை மெதுவாக இழுத்தபோது, பாதியில் என் வலது கை துள்ளத் தொடங்கியது. வேகமாக இழுத்தால் ஒன்றுமில்லை.

எங்கள் தேவாலயத்தில் பெரிய வெள்ளியன்று ஆர்மோனியத்தைத் திறப்பதில்லை. ஒற்றை வயலின்தான் பாடலை நடத்தும். நீண்ட சுரங்கள், ஒரு வரிக்கு ஒரே வில் இழுப்பு. பல வருடங்களாக அந்த இடம் என்னுடையது.

"குடிச்சுப்போட்டு வந்தனீங்களோ?" என்று பாடகர் குழுத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். சாராயத்தை வாயில் வைத்தறியாதவன் நான். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வருடம் வயலின் இல்லாமலே பாடினார்கள்.

வெள்ளைக்காரர் போன பின்னும் துறைமுகப் பட்டறையில் எனக்குக் கடைசல் இயந்திரத்தில் இரும்பு கடையும் வேலை இருந்தது. அங்கே கை நடுங்கவில்லை. வைத்தியரிடம் போனேன். கையை நீட்டச் சொன்னார், பெயரை எழுதச் சொன்னார்.

"கை நல்லாத்தான் இருக்கு. மனசிலதான் பயம்," என்று நித்திரைக் குளிசை தந்தார். நான் சொன்னதை அவர் முழுதாகக் கேட்கவேயில்லை. இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படி நடந்திருக்கலாம்.

நான் வில்லை இன்னும் இறுக்கிப் பிடித்து, மெதுவாகவே இழுத்துப் பழகினேன். அது பிழை. நடுக்கம் கூடியது. கடைசியில் என் மனைவிக்குத்தான் கோபம் வந்தது.

"வெறுங்கையோட போனா அவருக்கு என்ன விளங்கும்? வாசிச்சுக் காட்டுங்கோ."

வயலினோடு போனேன். வேகமாக வாசித்தேன், சுத்தமாக வந்தது. மெதுவாக இழுத்தேன், வில் தந்தியில் துள்ளியது. வைத்தியர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தொழில் நடுக்கம் (ஒரே அசைவைப் பல காலம் செய்தவருக்கு அந்த அசைவில் மட்டும் தசை சொற்கேளாமல் போவது) என்றார். மருந்து இல்லையாம். முன்பு சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தமும் இல்லை.

வழியை நானே தேடினேன். சீரான மெதுவேகத்தில்தான் நடுக்கம் பிடிக்கிறது. ஆகவே ஒரு வரியை மூன்று வில்லாகப் பிரித்தேன். ஒவ்வொன்றையும் வேகமாகத் தொடங்கித் தளர்த்தி, நடுக்கம் தலைகாட்டுமுன் மறுபடி வேகம் கூட்டினேன். அப்போது சத்தம் பெருகாதபடி வில்லின் பாரத்தைக் குறைத்தேன். பழகப் பல மாதம் பிடித்தது.

அடுத்த பெரிய வெள்ளியன்று வாசித்தேன். ஆராதனை முடிந்ததும் தலைவர் கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

"முந்தியவிட உருக்கமாயிருந்தது. கர்த்தர் சுகம் தந்திட்டார்."

"இல்லை ஐயா, கை அப்பிடியேதான் இருக்கு. நீங்கள் அண்டைக்குக் கேட்டதும் மனசில அப்பிடியேதான் கிடக்கு," என்றேன்.

முன்பு ஒரு சுரத்தில் நான் தங்கியிருப்பேன். இப்போது தங்க ஏலாது. சபை அதை உருக்கம் என்கிறது. நானோ நடுக்கம் எட்டிப் பிடிக்குமுன் ஓடிக்கொண்டிருக்கிறேன்.