மெட்டிலிருந்து ஒரு புள்ளி

மகள் மலை உச்சியில் இருக்கும் மெட்டு ஏறியதும் எனக்கு ஒரு புள்ளி அனுப்புவாள். எழுத்தோ படமோ கிடையாது, ஒரே ஒரு புள்ளி. கம்பத்திலிருந்து காலையில் மலைக்குப் போகும் ஜீப்புகளில் வேலைக்குப் போகிறவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஜீப் குலுங்குகிற குலுங்கலில் அதற்கு மேல் அடிக்க வராது. வளைவுகளுக்குள் டவர் கிடைக்காது. மேலே போனால் கேரளத்து டவர் பிடிக்கும். பிடித்ததும் ஒரு புள்ளி. வீட்டில் இருக்கிறவள் அதைப் பார்த்துவிட்டு உலையை வைப்பாள்.

மகள் மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள். நான் கம்பத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். அவள் அப்பாவுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம்.

முன்பெல்லாம் அந்தப் புள்ளி சாதாரண எஸ்.எம்.எஸ்ஸாக வரும். நான் ‘சரி’ என்று போட்டால் அது போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பிறகு ஒருநாள் போன் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. மெசேஜ் அடிக்கும் கட்டத்தில் ‘சாட்’ என்று எழுதியிருந்தது. அனுப்பினால் ஒரு டிக், சேர்ந்தால் இரண்டு டிக், அவள் பார்த்துவிட்டால் நிறம் மாறும். அவள் பதில் அடிக்கும்போது மூன்று புள்ளிகள் ஆடும். ஆடி நின்றுவிட்டால், என்ன சொல்ல வந்தாள், ஏன் சொல்லாமல் விட்டாள் என்று போனையே பார்த்து நிற்பேன். டிக் இல்லாத காலத்தில் இந்தக் கலக்கம் எனக்கு இருந்ததில்லை.

இன்னொரு பயமும் புதிதாக வந்திருந்தது. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு, ‘அம்மா, என் போன் உடைஞ்சிருச்சு, இது வேற நம்பர்’ என்று யாரோ அனுப்பி, மகன் என்றே நம்ப வைத்து ஏமாற்றியிருந்தார்கள். கடை முதலாளி எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: “மொதல்ல ஒரு ஹாய் மட்டும் போட்டுப் பாப்பானுங்கம்மா. நம்பர் உசுரோட இருக்கான்னு பாக்கத்தான். தெரியாத நம்பர்னா பிளாக் பண்ணிட்டுப் போயிக்கிட்டே இருங்க.” நான் அதை வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தேன். எப்படி பிளாக் செய்வது என்று கணவருக்கு விரலைப் பிடித்துக் காட்டியும் கொடுத்தேன்.

அன்று எனக்கு வார விடுமுறை. ஆனி மாதச் சாரல் கம்பம் வரைக்கும் இறங்கியிருந்தது. தோட்டத்தில் மருந்து அடிக்க முடியாது என்று கணவர் வீட்டில் இருந்தார். மகள் வழக்கமாகப் போகும் ஜீப்பில் இடம் இல்லை, வேறு ஜீப்பில் ஏறிவிட்டேன் என்று கீழே இருந்தே சொல்லியிருந்தாள். நான் துணி துவைத்துத் தாழ்வாரத்தில் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து போனைப் பார்த்தேன். புள்ளி இல்லை.

‘ஏறிட்டியா?’ என்று போட்டேன். ஒரு டிக். கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப்.

“சார்ஜ் இருக்காது” என்றார் அவர். “ராத்திரி பூரா நோண்டுனா எங்குட்டு இருக்கும்?”

“சார்ஜ் போட்டுத்தான் எடுத்துட்டுப் போனா.”

“அப்ப மழையில டவர் விழுந்திருக்கும். சும்மா அதையவே தேய்க்காத. தேய்ச்சா பூதமா வரப்போகுது?”

நான் தேய்த்துக்கொண்டேதான் இருந்தேன். ‘எங்கடி இருக்க?’ ஒரு டிக். ‘பாப்பா?’ ஒரு டிக். பெயருக்குக் கீழே ஒற்றை டிக்குகள் வரிசையாக நின்றன. எல்லாமே அவளைத் தேடிப் போய் வழியில் நின்றுவிட்டவை.

பத்து மணி வாக்கில் தெரு குரூப்பில் ஒரு படம் வந்தது. மலை ரோட்டில் ஒரு ஜீப் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ‘மெட்டு ரோட்டில் விபத்து, அனைவருக்கும் பகிரவும்’ என்று மட்டும் கீழே. என்றைக்கு எடுத்தது, யார் எடுத்தது, எதுவும் இல்லை. நான் படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ தெரிந்தது. மகள் காலையில் போட்டுக்கொண்டு போன துப்பட்டா என்ன நிறம் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. காலையில்தான் என் கையால் மடித்துக் கொடுத்தேன். நிறம் வரவில்லை.

கணவர் படத்தை வாங்கி அந்தச் சக்கரத்துப் பக்கத்தையே பார்த்தார். “இது பழசு. போன வருசமும் இதைத்தான் சுத்த விட்டானுக” என்றார். சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினார். அப்போதுதான் எனக்கு முழுதாகப் பயம் வந்தது.

வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். போனை ஈரம் படாமல் மார்போடு பிடித்திருந்தேன். அது அதிரும் அதிரும் என்று எதிர்பார்த்து எதிர்பார்த்து, வண்டி குலுங்கியதெல்லாம் போன் அதிர்ந்ததுபோலவே இருந்தது.

மலை அடிவாரத்துச் செக்போஸ்டில் ஜீப்புகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். மேலே இருந்து இறங்கி வந்த டிரைவர் ஒருவரைச் சுற்றிக் கூட்டம். “மரம் விழுந்து ரோடு மறிஞ்சு கெடக்கு. ஒரு ஜீப்பு ஒதுங்கப் போயி சாக்கடையில எறங்கிருச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலன்னாக. நான் கண்ணால பாக்கல, சொன்னாக” என்றார் அவர்.

“எந்த ஜீப்பு? யாரு ஜீப்பு?” என்று நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். முன்பின் தெரியாதவர்.

“யாரு ஆத்தா மேல?”

“மக.”

“எனக்கு மருமக. இப்பத்தான் புள்ளி வந்துச்சு. உனக்குப் புள்ளி வரலையா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். எனக்குப் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவர், “ஏய்” என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

“காலையில நீ துவைச்சுக்கிட்டு இருக்கையில உன் போன்ல ஒரு புள்ளி வந்துச்சே.”

“என்ன?”

“பாப்பா பேரு வரல. ஏதோ நம்பரு. வெறும் புள்ளி. உசுரோட இருக்கான்னு பாக்கிறான், திருட்டுப் பயன்னு...” அவர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார். “நீ சொல்லிக் குடுத்த மாதிரியே பண்ணிட்டேன்.”

அவரை ஒன்றும் சொல்ல எனக்கு நேரம் இல்லை. பிளாக் செய்தவை எங்கே போய் விழுகின்றன என்று எனக்குத் தெரியாது. பிளாக் செய்யத்தான் கற்றிருந்தேன்; திறந்து பார்க்கக் கற்கவில்லை. ஈர விரலுக்குக் கண்ணாடி கேட்கவில்லை. அந்த அம்மா தன் முந்தானையால் என் போனைத் துடைத்துவிட்டார். எதை எதையோ அழுத்தி, விளம்பரங்களுக்கு அடியில் கடைசியில் கண்டேன்.

ஒரு புள்ளி. அதற்குக் கீழே, ‘அம்மா நான்தான்’. அதற்கும் கீழே, ‘போன எடுமா. ஏன் கட் ஆகுது’.

‘அம்மா நான்தான்.’ ஏமாற்றுகிறவர்கள் எழுதுவதும் இதே வார்த்தைதானே? ஒரு கணம் என் விரல் அந்த நம்பரின் மேல் நின்றது. நம்பித் தொட்டு, எடுப்பது வேறு யாராவதாக இருந்துவிட்டால், அதற்கப்புறம் எனக்கு நம்ப எதுவும் மிச்சம் இருக்காது. பிறகு மேலே இருந்த புள்ளியைப் பார்த்தேன். தொட்டேன்.

ஒரு ஆண் குரல். போனைக் காதோடு அழுத்தினேன்.

“சேச்சியா? மோள் இவிடெத் தன்னெ உண்டு. பேடிக்கண்டா” என்றார். பயப்படாதே என்று எங்கள் பக்கத்தில் மலையாளத்தில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது எனக்குச் சொல்லப்பட்டது.

பிறகு அவள் குரல். “ஏம்மா கட் பண்ணிக்கிட்டே இருந்த? மரத்தைத் தாண்டி நடக்கச் சொன்னாக. நடக்கையில போன் தண்ணிக்குள்ள விழுந்திருச்சு. இந்தச் சேட்டன்கிட்ட வாங்கிப் பேசுனா நீ எடுக்கவே மாட்டேங்கிற. எனக்கு வேற யாரு நம்பருமே தெரியாதும்மா. உன்னோடது மட்டுந்தான் மனப்பாடம்.”

“அப்பா நம்பர் தெரியாதா?”

“பேரைத் தொட்டாப் போகும். நம்பர் யாருக்குத் தெரியும்?”

கணவர் போனுக்கு முகத்தை நீட்டி, “ஆத்தா, உன் துப்பட்டா என்ன கலரு?” என்று கேட்டார்.

“என்னப்பா லூசு மாதிரி கேக்குற? பச்சை” என்றாள்.

அவர் ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். நெடுநேரம் எழவில்லை.

இப்போது அவளுக்கு வேறு போன். மறுபடியும் மேலே போகிறாள். மெட்டு ஏறியதும் புள்ளி வருகிறது, அவள் பெயரோடு, இரண்டு டிக்கோடு. ஆனாலும் எனக்கு நெஞ்சு அடங்குவதில்லை. அவள் போன் வேறு யார் கையில் இருந்தாலும் இதே புள்ளிதானே வரும்? அதனால் கூப்பிடுகிறேன். ஜீப்பில் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று திட்டுகிறாள். திட்டு முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.

தெரியாத நம்பரிலிருந்து ‘ஹாய்’ என்று வந்தால் அதை இன்னும் இரண்டு தடவை படிக்கிறேன். பதில் போடுவதில்லை. பிளாக் செய்வதும் இல்லை. அப்படியே கிடக்கின்றன.