முறை தப்பிய மோட்டார்

பெங்களூரில் ஆள் குறைத்தபோது என் வேலையும் போய், எங்கள் ஊர் கோம்பையில் தோட்டத்து வீட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். வழியில் பார்ப்பவர்களெல்லாம், “எப்பத்தா கெளம்புற?” என்று கேட்பார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச இவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

புதிய கம்பெனி ஒன்று நேர்காணலைச் சுற்றுச் சுற்றாக இழுத்தடித்தது. நான்கைத் தாண்டிவிட்டேன். ஐந்தாவதுதான் கடைசி. அன்று காலை அப்பாவிடம் கெஞ்சினேன்: “நான் பேசி முடிக்கிறவரைக்கும் மோட்டாரைப் போடாதீகப்பா. வோல்டேஜ் எறங்கி நெட்டு போயிரும்.” அப்பா தலையாட்டினார். மோட்டார் தானாகக் கிளம்பாதபடி ஸ்டார்ட்டரின் ஆட்டோ சுவிட்சை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

நேர்காணல் எடுக்கத் திரையில் வந்தவர் சிரிப்பதில்லை என்று சத்தியம் செய்தவர் மாதிரி இருந்தார். நான் எழுதிய ப்ரோகிராமை வரிவரியாகக் குடைந்தார். பிறகு கேட்டார்: “சர்வர் விழுந்து மறுபடி எழும்போது எல்லாரும் ஒரே நேரத்துல வந்து மோதினா?”

படித்ததெல்லாம் மறந்து எங்கள் டிரான்ஸ்பார்மர்தான் நினைவுக்கு வந்தது. மோட்டார்களுக்கென்று நேரம் வைத்து விடும் த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால் பீஸ் போய்விடும். அதனால் தோட்டக்காரர்கள் கூடிப் பேசி, ஒவ்வொரு ஸ்டார்ட்டரிலும் வேறு வேறு நேரத்துக்கு டைமர் வைத்திருக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கிளம்பும். அதையே சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை அப்படியே ப்ரோகிராமா எழுதிக் காட்டுங்க.”

பேச்சை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தேன். உள்ளே சத்தம் அடங்கியதும் அப்பா முடிந்துவிட்டதென்று நினைத்துவிட்டார். த்ரீ பேஸ் வரவும் ஓடிப்போய்க் கையால் பட்டனை அழுத்தினார். கையால் போட்டால் டைமருக்குக் காத்திராமல் கிளம்பிவிடும்; அப்போதோ பக்கத்துத் தோட்டத்து மோட்டாரின் முறை. இரண்டும் ஒன்றாக இழுக்க, டொப்பென்று பீஸ் போனது. ஏதோ கேட்க வாயெடுத்தவர் திரையில் பாதி வார்த்தையில் உறைந்துபோனார்.

அப்பா திரும்பி வாசலில் வந்து நின்றார். “முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன், ஆத்தா.” செல்போன் அடித்தது. நேர்காணல் எடுத்தவர்தான்.

“என்ன ஆச்சு?”

“டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போயிருச்சு சார்.”

“டைமர் இருக்குன்னீங்களே, யாரு முந்தினது?”

அப்பாவைப் பார்த்தேன். “எங்க அப்பா சார். கையால போட்டுட்டாக.”

முதல் தடவையாகச் சிரித்தார். “சரி, அதைத் தடுக்க என்ன செய்வீங்க?”

“கையால போட்டாலும் டைமர் வழியாத்தான் கிளம்பணும். அப்பாவா இருந்தாலும் விலக்கு கிடையாது சார்.”

வேலை கிடைத்தது. இப்போது யாராவது “எப்பத்தா கெளம்புற?” என்று கேட்டால், நான் வாயைத் திறக்குமுன் அப்பா முந்திக்கொள்கிறார்: “பீஸைப் போக்கி வேலை வாங்கிக் குடுத்தது நாந்தேன்ல!”