கூழும் கண்ணூறும்

பேர்கனில் நாங்கள் இருக்கும் மாடிக் குடியிருப்பில் யாருக்காவது வயிற்றோட்டம் வந்தால் கதவில் ஒரு கடதாசி ஒட்டிவிடுவார்கள். அதில் 'ஓம்கங்ஸ்சீக்கே' என்று எழுதியிருக்கும். வாந்தியும் வயிற்றோட்டமும், தயவுசெய்து கிட்ட வராதீர்கள் என்று அதற்குப் பொருள். நான் நோர்வேக்குப் போன புதிதில் எதிர்வீட்டு இங்கரின் கதவில் அதைக் கண்டேன். ஐயோ பாவம், தனி மனுசி என்று மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் போட்டு அவித்த குடிநீரைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போய் மணியை அடித்தேன். கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது. "நீ கடதாசியை வாசிக்கவில்லையா?" என்றாள். "வாசித்தேன், அதனால்தான் வந்தேன்" என்றேன். கதவு சாத்திக்கொண்டது. கூச்சப்படுகிறாள் என்று நினைத்து மாலையில் கஞ்சியோடு திரும்பவும் போனேன். அந்த முறை மணி வேலை செய்யவில்லை.

அங்கே நோயாளியைப் பார்ப்பது என்றால் நோயாளியைத் தனியே விடுவது. என் கணவர் ஓலே அந்த மண்ணில் பிறந்தவர். எனக்கு வயிறு குழம்பினால் உப்பு பிஸ்கட்டையும் வாயு போன கோலாவையும் கட்டிலடியில் வைத்துவிட்டு, சத்தம் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போவார். அதிலே அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாலு பேர் வந்து நின்று நாக்கை நீட்டச் சொல்லி, நாலு விதமாகப் பேசினால்தான் எனக்கு நோய் வருத்தம் வந்ததுபோலவே இருக்கும்.

இந்த வருட விடுமுறைக்கு நான் பிறந்த ஊரான கோப்பாய்க்குப் போனோம். தாய் தகப்பன் போனபின் வீட்டில் இப்போது அண்ணையும் அண்ணியும்தான். அக்கா வல்வெட்டித்துறையில். ஒரு மணித்தியால பஸ் ஓட்டம்தான், ஆனால் அக்கா அங்கே கடலோடிக் குடும்பத்தில் விரும்பிக் கட்டிய நாளிலிருந்து அண்ணை அவளோடு கதைப்பதில்லை. நிலபுலமுள்ள தோட்டக்காரர் வீட்டுப் பெண் கடற்கரைக்குப் போய்விட்டாளாம். இதிலே வேடிக்கை என்னவென்றால் என் நோர்வேக்காரரை அண்ணை வாசலில் நின்று கட்டிப்பிடித்து வரவேற்றவர். வெள்ளைத்தோல் என்றால் சாதி கேட்கத் தோன்றாது போலும். எனக்கு அதில் எப்போதும் ஒரு கோபம் உண்டு.

கடைசியில் கல்லை நகர்த்தியது ஓலேதான். அக்கா எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, விவரம் தெரியாமல் அண்ணையிடம் போய், "மச்சான், அக்கா வீடு, நாங்கள் எல்லாம், வாங்கோ" என்றார். கடல் தாண்டி வந்த மச்சான் வாய்விட்டுக் கேட்டதை மறுக்க எங்கள் பக்கத்தில் ஆளில்லை. அண்ணை சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அக்கா நண்டும் இறாலும் கணவாயும் போட்டு, காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தாள். அண்ணை குனிந்த தலை நிமிராமல் இரண்டு கோப்பை குடித்தார். ஓலே மூன்று. நான் ஒன்றே ஒன்று.

மறுநாள் விடிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் ஓடியது நான் ஒருத்திதான்! ஊர் மண்ணில் பிறந்து, ஊர்த் தண்ணீரில் வளர்ந்த வயிறு என்னுடையது. ஓலே ஒன்றும் நடவாததுபோல் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னனான் தானே, அங்கை வாய் வைக்கவேண்டாமெண்டு. கேட்டனீரே மச்சாள்?" என்றார் அண்ணி. எனக்கு வயிற்று நோவைவிட அந்தச் சொல்தான் நொந்தது. இந்தக் கதை வாசல் படலையைத் தாண்டினால் அண்ணை இனி அக்கா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார். அக்காவும் செத்தாலும் கூப்பிடமாட்டாள். ஒரு கோப்பைக் கூழில் ஒட்டிய உறவு என்னுடைய வயிற்றால் போய்விடும்போல இருந்தது.

டாக்குத்தர் வந்து பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை, உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர்தான் மருந்து, கூடினால் மட்டும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் எங்கள் தெரு ஒழுங்கைச் சனமே உள்ளே வந்தது. ஒருவர் கையில் இளநீர். இன்னொருவர் மாதுளங்கோது அவித்துக் கொண்டுவந்தார். மற்றவர் உதெல்லாம் சரிவராது, வெறுங்கோப்பியில் தேசிக்காய் பிழிந்து குடுங்கோ என்றார். ஓமமா சீரகமா என்று என் தலைமாட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. எனக்கோ பரமசுகம். அப்போது பக்கத்து வீட்டு மாமி ஓலேயிடம் கேட்டுவிட்டார்.

"தம்பி, நேற்று எங்கை சாப்பிட்டனீங்கள்?"

ஓலேக்குத் தெரிந்த தமிழில் பெருமையோடு பதில் வந்தது. "அக்கா வீடு! கூழ்! நல்ல கூழ்!"

பட்டிமன்றம் நின்றது. அண்ணி வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணை எழும்பிவிட்டார்.

"கூழுமில்லை, கீழுமில்லை. இது கண்ணூறு. வெள்ளைக்காரனோடை வந்திறங்கினதை ஊரெல்லாம் பாத்தது. வேறையென்ன?"

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. அண்ணை பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கண் திருஷ்டி என்று கண்ணூறு கழிக்கும் சனத்தை வாழ்நாள் முழுக்க நக்கலடித்தவர். ஆனால் சொன்ன வாய்க்குச் செய்து காட்டவும் வேண்டும். செத்தல் மிளகாயையும் உப்பையும் கையில் பொத்தி என்னைச் சுற்றி எடுத்து, அடுப்பில் போட்டார். கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடி காறாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அன்றைக்கு மிளகாய் காறிய காறலில் வீடே இருமியது. மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். ஓலே வெளியே ஓடினார். அண்ணை மூக்காலும் கண்ணாலும் வடிய வடிய நின்று, "பாத்தியளே, காறவே இல்லை!" என்றார்.

எல்லோரும் இருமிக்கொண்டே தலையாட்டினார்கள். அண்ணியும்தான். "ஓம், நல்ல கண்ணூறுதான்" என்று மாமி தீர்ப்புச் சொன்னார். எங்கள் சனத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். பொய் என்று எல்லோருக்கும் தெரியும். எதற்காக அந்தப் பொய் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தநாள் காலையில் படலையடியில் அக்கா நின்றாள். யார் சொன்னார்களோ தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படலைக்கு அவள் வந்தது அதுதான் முதல்தடவை. உள்ளே வராமல், அழுவதா விடுவதா என்ற முகத்தோடு நின்றாள். அண்ணை எழும்பிப் போனார்.

"என்ரை கூழாலையோ அண்ணை?"

"சீச்சீ. கண்ணூறு."

"உங்களுக்கு எப்ப தொடக்கம் உதிலை நம்பிக்கை?"

"நேற்றுத் தொடக்கம். வெயிலுக்கை நிக்காமல் உள்ளை வா."

அக்கா நேரே குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கே சண்டை கேட்டது. கஞ்சிக்கு அரிசியை வறுக்கவேண்டும் என்று அக்கா, வறுத்தால் சூடு என்று அண்ணி. உப்பைப் பற்றியும் ஒரு வாக்குவாதம். வருத்தமே இல்லாத அண்ணை, தனக்கும் ஒரு கோப்பை வேண்டும் என்று குசினி வாசலில் போய் நின்றார். நான் கட்டிலில் கிடந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது.

உண்மையில் முதல்நாள் இரவே எனக்குச் சுகமாகிவிட்டது. ஓலே வந்து என் நெற்றியைத் தொட்டு, அவருடைய மொழியில், "இப்போது எப்படி?" என்று கேட்டார். "ஃபிரிஸ்க்" என்றேன். நல்ல சுகம், வேண்டுமென்றால் அவ்வளவு தூரத்துக் கீரிமலைக்கே நடக்கிறேன் என்றேன்.

குசினியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பிள்ளை, இப்ப எப்பிடி இருக்கு? நான் பின்னேர பஸ்ஸிலை போகட்டே?"

"ஐயோ அக்கா, இன்னும் நோகுது" என்றேன்.

ஓலேக்கு அவ்வளவு தமிழ் விளங்கும். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். நோர்வே மொழியில் நான் எழும்பிவிட்டேன். தமிழில் எனக்கு இன்னும் இரண்டு நாளைக்காவது வருத்தம் இருக்கவேண்டும்.